விழுந்த கைப்பிடி

காலை பத்து மணிக்குள் மூன்றாவது முறையாகக் கைப்பிடி விழுந்தது.

“டக்” என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அடுத்த நொடி பெல்ட் தளர்ந்தது. மல்லாட்டை என்று ஊரில் சொல்லும் மணிலாக் கடலையை உடைக்கும் மிஷின் இரண்டு முறை முனகிவிட்டு நின்றது. தொட்டிக்குள் மணிலாவைத் தள்ளிக்கொண்டிருந்த உண்ணாமலை, பலகைக் கோலை நிறுத்திவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். மோட்டாரைக் கவனித்துக்கொள்ளும் அவள் புருஷன் தாண்டவராயன் சுவரைப் பார்த்தான். சுவரில், இரண்டு செங்கல்லைச் சேர்த்துவைத்த அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் முகத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கைப்பிடி. மேலே இருக்கவேண்டிய கைப்பிடி இப்போது நடுவில் நின்றது.

“இன்னாய்யா, மறுபடியும் வுழுந்துடுச்சா?”

“சும்மா வுழாது அது. தொட்டியத் தொட்டுப் பாரு. ஊறவெச்ச மாதிரி இருக்குது மல்லாட்ட.”

“நானா ஊத்துனேன்? மொதலாளி ஊத்தச் சொன்னாரு, குஞ்சம்மா ஊத்துனா.”

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டோரம் இருந்தது பூவராகவனின் மில். அது அறுபத்தெட்டாம் வருஷம், தை மாதம். ராஜகிரிக் கோட்டைக்குக் கீழே எந்தக் களத்தைப் பார்த்தாலும் மணிலா குவிந்துகிடந்த நேரம். காய்ந்த மணிலாவை அப்படியே மிஷினில் போட்டால் பருப்பு இரண்டாக உடையும். அதனால் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போடுவது எல்லா மில்லிலும் வழக்கம். பூவராகவன் லேசாகத் தெளிக்கவில்லை. தண்ணீர் குடித்த பருப்பு தராசில் கனக்கும் என்பதற்காகக் குடம் குடமாக ஊற்றச் சொன்னார். நனைந்த தோல் சல்லடையில் அப்பிக்கொண்டது. மிஷின் திணறியது. திணறும் மிஷினைச் சுழற்றுவதற்கு மோட்டார் கூடுதலாக மின்சாரத்தை இழுத்தது. அளவுக்கு மேல் இழுத்ததும் கறுப்புப் பெட்டி “போதும்” என்று நிறுத்தியது.

அந்தப் பெட்டிக்கு பிரேக்கர் என்று பெயர். புது மோட்டார் வாங்கியபோது, பட்டணத்திலிருந்து வந்த மெக்கானிக் பழைய மெயின் சுவிட்சையும் பீங்கான் பியூஸ் கட்டைகளையும் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை மாட்டினார். அச்சில் வார்த்த கெட்டியான பெட்டி. செஞ்சியில் அப்போது வேறு எங்கும் அப்படி ஒன்று கிடையாது. போவதற்கு முன் அந்த மெக்கானிக் அரைமணி நேரம் தாண்டவராயனுக்கு விளக்கிச் சொன்னார். அன்று வீடு இருந்த சிங்கவரத்துக்கு சைக்கிள் மிதித்துப் போன வழியெல்லாம் தாண்டவராயன் அதையே நினைத்துக்கொண்டு போனான்.

பெட்டிக்குள் இரண்டு காவலாளிகள் உண்டு. ஒருவன் பொறுமைசாலி. இரண்டு வேறு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு அது. மின்சாரம் அளவுக்கு மேல் ஓடினால் தகடு சூடாகும். ஒரு உலோகம் அதிகமாக நீளும், மற்றது குறைவாக நீளும். எனவே, வெயிலில் கிடக்கும் பச்சை ஓலை ஒரு பக்கமாகச் சுருள்வதுபோலத் தகடு வளையும். வளைந்து வளைந்து ஒரு கொண்டியைத் தட்டிவிடும். இதற்கு ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ ஆகும். இரண்டாவது காவலாளிக்குப் பொறுமையே கிடையாது. அது ஒரு காந்தம். கம்பியும் கம்பியும் மோதி மின்சாரம் வெள்ளமாகப் பாய்ந்தால், கண் இமைப்பதற்குள் கொண்டியை இழுத்துவிடும். கொண்டி விலகினால் உள்ளே இருக்கும் வில் எகிறி, மின்சாரம் போகும் வழியைத் துண்டித்துவிடும். மறுபடி ஓடவைக்க, தகடு ஆறும்வரை காத்திருந்து, கைப்பிடியை முதலில் அடிவரை கீழே இறக்கவேண்டும். பிறகுதான் மேலே ஏற்றமுடியும். நடுவிலிருந்து நேராக மேலே தள்ளினால் நிற்காது.

அன்று தாண்டவராயன் பெட்டி ஆறுவதற்காகக் காத்திருந்தபோது பூவராகவன் உள்ளே வந்தார்.

வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். மணிலாக் குவியல் இருக்கும் இடத்தில் லட்சுமி இருக்கிறாள், அங்கே செருப்போடு நடக்கக்கூடாது என்பது அந்தக் கடைத்தெரு வியாபாரிகளின் வழக்கம். குவியலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு நின்றுபோன மிஷினைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

பூவராகவனுக்கு எது நின்றாலும் ஆகாது. வண்டிமாடு நின்றால் அடிப்பார். லாரி நின்றால் அதன் கதவை உதைப்பார். ஆள் நின்றால் கேட்கவே வேண்டாம்.

“ஏன்டா நிக்குது?”

“பிரேக்கர் வுழுந்துடுச்சி மொதலாளி. மல்லாட்டயில தண்ணி சாஸ்தியாயிடுச்சி. மிஷினு இழுக்க மாட்டேங்குது.”

“சாயங்காலம் லாரி வருது. லாரிக்காரங்கிட்ட நீ போயி பொட்டி வுழுந்துடுச்சின்னு சொல்றியா?”

அவர் நேராகப் போய்க் கைப்பிடியை மேலே தள்ளினார். நிற்கவில்லை. இன்னொரு முறை தள்ளினார். அப்போதும் நிற்கவில்லை. தாண்டவராயன் மெதுவாக அதைக் கீழே இறக்கி மேலே ஏற்றினான். மோட்டார் ஓடியது. பூவராகவன் உடனே மூட்டை கட்டும் கயிறு ஒன்றை எடுத்து, கைப்பிடியைச் சுற்றி இறுக்கி, மேலே இருந்த ஆணியில் கட்டினார்.

“இப்ப வுழட்டும் பாக்கலாம்.”

“வாணாம் மொதலாளி. கட்டுனாலும் அது—”

“கம்முனு இரு.”

இரண்டு நிமிஷம் ஆயிற்று. கைப்பிடி கயிற்றில் அப்படியே நின்றது. மிஷின் மட்டும் நின்றுவிட்டது. பெட்டிக்குள்ளிருந்து அதே “டக்”.

தண்ணீர்க் குடத்தோடு நின்ற குஞ்சம்மாள் வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். சிரிப்பு வெளியே வந்துவிட்டது. பூவராகவன் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“கைப்பிடிதான் மேல இருக்குதே. அப்புறம் எப்பிடிடா நிக்குது?”

தாண்டவராயனுக்கு நேரம் காலம் தெரியவில்லை. தெரிந்த விஷயத்தைச் சொல்லும் ஆசை அவனுக்கு. “எலிப்பொறி மாதிரி மொதலாளி. பொறிய வெக்கிறதுக்குத்தான் நம்ம கை. கொண்டி வுட்டுச்சின்னா நாம மேல புடிச்சிக்கினு இருந்தாலும் உள்ள அது பாட்டுக்கு வேலையப் பாத்துடும். யாரும் கட்டி வெக்கக் கூடாதுன்னுதான் அப்பிடிச் செஞ்சிக்கிறாங்க. இந்த ஈரத்துல உண்ணாமலையும் குஞ்சம்மாவும் வெறுங்காலோட நிக்கிறாங்க பாருங்க, அவங்களுக்குக் காவலே இதான்.”

“எனக்குப் பாடம் நடத்துறியா?”

மிஷினுக்குப் பின்னால் பழைய தோல் பெல்ட்டின் துண்டு ஒன்று தொங்கியது. முதல் அடி தாண்டவராயனின் காதோடு விழுந்தது. இரண்டாவது அடி கழுத்தில் விழுந்தது. அவன் கையைத் தூக்கித் தடுத்தபோது விரல்மேல் விழுந்து நகம் பிளந்தது.

“அந்தப் பொட்டியக் கழட்டு. தாமரக் கம்பியப் போட்டு நேரா சேத்து வுடு.”

“மாட்டேன் மொதலாளி.” தாண்டவராயனின் காதிலிருந்து ரத்தம் சட்டைக் காலரில் இறங்கியது. “அப்பிடிச் சேத்தா மோட்டார நிறுத்தறதுக்கு வேற வழியே கெடையாது. பழைய மெயின் சுவிட்ச எடுத்துட்டாங்க. இது ஒண்ணுதான்.”

“ஏன்டா நிறுத்தணும்?”

பெல்ட் மறுபடி உயர்ந்தது. உண்ணாமலை ஓடிவந்து நடுவில் நின்றாள். “இன்னாத்துக்கு அடிக்கிறீங்க? சொல்றத ஒருவாட்டி காது குடுத்துக் கேளுங்களேன்.” பெல்ட் அவள் தோளில் விழுந்தது. அவள் விலகவில்லை. பூவராகவன் அவள் கூந்தலைக் கொத்தாகப் பிடித்தார்.

“அவள வுட்டுடுங்க,” என்றான் தாண்டவராயன். “நான் போடறேன்.”

பதினொரு மணிக்குக் கறுப்புப் பெட்டி தோல் குப்பைமேல் கிடந்தது. சுவரில் மூன்று தாமிரக் கம்பிகள், சுண்டுவிரல் பருமன், உறையில்லாமல் பளபளத்தன. தெருமுனைக் கம்பத்திலிருந்து வரும் மின்சாரம் நேராக மோட்டாருக்குப் போகும். இனி அதை நிறுத்தக்கூடியது கம்பத்து பியூஸ் ஒன்றுதான். அது தெரு முழுவதற்குமானது, பருமனானது. ஒரு மோட்டார் எரிந்து சாம்பலானாலும் அவசரப்படாது.

அடி தாங்க முடியாமல் மட்டும் தாண்டவராயன் அதைச் செய்யவில்லை. உண்ணாமலையைக் காப்பாற்றத்தான் செய்தான். ஆனால் அவளுக்கு இருந்த ஒரே காவலை அவனே கழற்றிவிட்டான் என்பது அவனுக்குத் தெரியும். காய்ந்த கோணிகள் நாலைக் கொண்டுவந்து தொட்டிக்கு முன்னால் மடித்துப் போட்டான்.

“இது மேல நின்னுக்க. இரும்பத் தொடாத. பலகக் கோல நுனியப் புடிச்சித் தள்ளு. மோட்டாருல பொக வந்தா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடிடு. என்னப் பாக்காத.”

“நீ?”

“சொன்னதச் செய்யி.”

கம்பி சேர்க்கும்வரை பிடுங்கிவைத்திருந்த கம்பத்து பியூஸைத் தாண்டவராயன் போய்ச் செருகியதும் மிஷின் ஓடியது. ஒரு முறைகூட நிற்கவில்லை. பூவராகவனுக்குச் சந்தோஷம். “பாத்தியா? நாலு ஒதை குடுத்தா மிஷினும் ஓடுது, மனுஷனும் ஓடறான்,” என்று தெருவில் நின்ற தம்பி கோவிந்தராஜைக் கூப்பிட்டுச் சொன்னார். இன்னும் இரண்டு குடம் ஊற்றச் சொன்னார். தரையில் தண்ணீர் ஓடியது.

பன்னிரண்டு மணிக்குச் சல்லடை முழுவதும் அடைத்துக்கொண்டது. மோட்டார் சுற்றமுடியாமல் உறுமியது. சுற்றமுடியாத மோட்டார் ஐந்து மடங்கு ஆறு மடங்கு மின்சாரத்தை இழுக்கும். உள்ளே இருக்கும் கம்பிச் சுருளின் மேல் மெல்லிய வார்னிஷ் பூசியிருக்கும். அதுதான் கம்பிக்குச் சட்டை. அது கருகினால் கம்பி இரும்பைத் தொடும். தாண்டவராயனுக்கு முதலில் அந்தக் கருகல் வாடைதான் வந்தது. மோட்டாரின் காலைப் பார்த்தான். மண்ணுக்குள் போகும் எர்த் கம்பி அடுப்புக் கொள்ளிபோலச் சிவந்திருந்தது. தப்பி வந்த மின்சாரத்தைப் பூமிக்குள் கொண்டுபோகத்தான் அந்தக் கம்பி. பிரேக்கர் இருந்திருந்தால் இந்நேரம் இரண்டாவது காவலாளி விழித்திருப்பான். அவன் குப்பையில் கிடந்தான். எர்த் கம்பி உருகி அறுந்தது. அந்தக் கணத்திலிருந்து மோட்டார், மிஷின், தொட்டி, அவை நிற்கும் இரும்புச் சட்டம் எல்லாவற்றிலும் மின்சாரம்.

“உண்ணாமல, ஓடு.”

அவள் பின்னால் நகர்ந்தாள். அதற்குள் பூவராகவன் வந்துவிட்டார். “எங்கடி போற? தள்ளத் தெரியல? வுடு,” என்று அவளைப் பிடித்துத் தள்ளினார். அவள் கோணிமேல் மல்லாந்து விழுந்தாள். அவர் வெறுங்காலோடு தண்ணீரில் நின்று, இரண்டு கையாலும் தொட்டியின் இரும்பு விளிம்பைப் பிடித்தார்.

பிடித்த கை விடவில்லை. மின்சாரம் சதையைச் சுருட்டும். கை தானாக இறுகும். விடவேண்டும் என்று மனசு நினைத்தாலும் விரல் கேட்காது. பூவராகவனின் பற்கள் கிட்டித்தன. கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. தொண்டையிலிருந்து ஆடு அறுபடுவது போன்ற ஒரு சத்தம். வலது உள்ளங்கையில் சதை பொசுங்கிப் புகை வந்தது.

குஞ்சம்மாள் அலறிக்கொண்டு அவரைப் பிடிக்கப் போனாள். உண்ணாமலை அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். பிறகு தன் பலகைக் கோலைத் தூக்கினாள்.

“அது ஈரம். வாணாம்,” என்று கத்தினான் தாண்டவராயன்.

சுவரோரம் ஒரு உலக்கை சாத்தியிருந்தது. காய்ந்த மரம். அவன் அதை எடுத்துக்கொண்டு கோணிகளின்மேல் ஏறி நின்றான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன் கை நின்றது. காதில் ரத்தம் இன்னும் காயவில்லை. சும்மா நின்றால் போதும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

ஓங்கி அடித்தான். முன்கை எலும்பு முறியும் சத்தம் கேட்டது. ஒரு கை விட்டது. மறு கை விடவில்லை. இரண்டாவது அடியை அதன் மணிக்கட்டில் போட்டான். பூவராகவன் பின்னால் சாய்ந்து, மிஷினின் காலுக்கு ஒரு முழம் தள்ளி, தண்ணீரில் விழுந்தார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த கோவிந்தராஜும் மூட்டை தூக்கும் இரண்டு ஆட்களும் கண்டது அந்த இரண்டாவது அடியைத்தான். காலையில் அடிவாங்கியவன் மத்தியானம் உலக்கையால் முதலாளியை அடிக்கிறான்.

“எங்கண்ணன் மேலயாடா கை வெக்கிற?”

கோவிந்தராஜ் கையிலிருந்த, மூட்டை குத்தித் தூக்கும் இரும்புக் கொக்கி தாண்டவராயனின் தோளில் இறங்கியது. இழுத்தபோது சட்டையோடு சதையும் வந்தது. கீழே விழுந்தவனை மிதித்தார்கள். விலா எலும்பில் உதை விழுந்தது. வாயில் மண்ணும் ரத்தமும் கலந்து வந்தது. அப்போதும் அவன் சொன்னது ஒன்றுதான்.

“மிஷினத் தொடாதீங்க. தொடாதீங்க.”

யாரும் கேட்கவில்லை. கோவிந்தராஜ் கொக்கியைக் கீழே போட்டுவிட்டு அண்ணனைத் தூக்கக் குனிந்தான். தரை வழுக்கியது. ஊன்றிக்கொள்வதற்காகத் தொட்டியை நோக்கிக் கை நீண்டது.

உண்ணாமலை கொக்கியை எடுத்தாள். புருஷனின் ரத்தம் அதில் வழிந்தது. கோவிந்தராஜ் தன்னைக் குத்தத்தான் வருகிறாள் என்று நினைத்துக் கையைப் பின்னுக்கு இழுத்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கம்பியும் கம்பியும் மோதினால் மின்சாரம் வெள்ளமாகப் பாயும் என்று புருஷன் சொல்லிக் கேட்டிருந்தாள். சுவரில் பளபளத்த மூன்று கம்பிகளும் ஒன்றாகச் சேரும்படி அவற்றின்மேல் கொக்கியை வீசினாள். உயிருக்குத் துணிந்தவர் தவிர வேறு யாரும் செய்யக்கூடாத காரியம் அது.

வெடிச்சத்தம் கோட்டைப் பாறையில் மோதித் திரும்பியது. நீல வெளிச்சம் கண்ணைப் பறித்தது. உருகிய தாமிரம் பொறி பொறியாகத் தரையில் விழுந்து தண்ணீரில் சீறியது. தெருமுனையில் கம்பத்து பியூஸ் வெடித்தது. கடைத்தெரு முழுவதும் மின்சாரம் நின்றது. மோட்டாரின் உறுமல் அடங்கியது.

கொக்கி கோவிந்தராஜின் காலடியில் வந்து விழுந்தது. அதன் கூர்முனை இல்லை. மெழுகுபோல உருகி ஒரு குமிழாக உறைந்திருந்தது. அவன் அதைப் பார்த்தான், பிறகு தான் தொடப்போன தொட்டியைப் பார்த்தான்.

“அத்தத்தான் உங்கண்ணன் புடிச்சிக்கினு இருந்தாரு,” என்றாள் உண்ணாமலை. “எம்புருஷன் அடிக்கல. பிச்சி எடுத்தான்.”

மறுநாள் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இரண்டு கட்டில்கள் தள்ளி இருவரும் படுத்திருந்தார்கள். தாண்டவராயனுக்குத் தோளில் பதினொரு தையல். பூவராகவனுக்கு இரண்டு கையிலும் மாவுக்கட்டு. வலது கையில் கருகிப்போன இரண்டு விரல்களை டாக்டர் எடுத்துவிட்டார். வாசலில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். கோவிந்தராஜ் மில்லில் என்ன பார்த்தான் என்று சொல்வதற்கு முன்பே, மூட்டைக்காரர்கள் ஸ்டேஷனில் போய் “கொலை பண்ணப் பாத்தான்” என்று சொல்லிவிட்டிருந்தார்கள்.

ஏட்டு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். “ஒங்கள அடிச்சது யாரு?”

உண்ணாமலை புருஷனின் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“தாண்டவராயன்தான்,” என்றார் பூவராகவன். குரல் கரகரத்தது. “ஒலக்கையால ரெண்டு அடி. எழுதிக்குங்க ஏட்டையா. அவன் அடிக்கலன்னா இந்நேரம் எம்பொணத்த எரிச்சிருப்பாங்க. அதையும் எழுதிக்குங்க. அதுக்கு முன்ன காலையில நான் அவன அடிச்சேன். அவன் பொஞ்சாதிய அடிச்சேன். அத மொதல்ல எழுதுங்க.”

“அண்ணே, இன்னா பேசற நீ?” என்றான் கோவிந்தராஜ்.

“எதுக்கு அடிச்சேன்னு கேளுடா. நிறுத்துன்னு சொன்னதுக்கு. பொட்டி சொல்லுச்சி, கழட்டி எறிஞ்சேன். இவன் சொன்னான், ரத்தம் வர அடிச்சேன். தண்ணிய ஊத்தி ஊரயும் ஏமாத்தினேன், மிஷினயும் ஏமாத்தினேன். கரண்டு மட்டும் ஏமாறல.”

அவர் தலையைத் திருப்பித் தாண்டவராயனைப் பார்த்தார். தாண்டவராயன் பார்வையை விலக்கவில்லை.

“வலிக்குதாடா?” என்றார்.

“வலிக்குது,” என்றான் தாண்டவராயன்.

மாசி கடைசியில் மில் திறந்தது. புது மோட்டார், புது எர்த் கம்பி, சுவரில் புதிய கறுப்புப் பெட்டி. அதற்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் முனை உருகிய கொக்கி தொங்கியது. பூவராகவன் சொல்லித்தான் மாட்டியிருந்தார்கள். தொட்டிக்கு முன்னால் மரப்பலகை அடித்து, மேலே ரப்பர் விரித்திருந்தது. கடைத்தெருவிலிருந்து நாலைந்து மில்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

அரைமணி நேரத்தில் “டக்.”

எல்லோரும் பூவராகவனைப் பார்த்தார்கள். குஞ்சம்மாள் இரண்டடி பின்னால் போனாள்.

“இன்னா உண்ணாமல?” என்றார் அவர்.

உண்ணாமலை ஒரு கை மணிலாவை அள்ளி முகர்ந்து பார்த்தாள். “தெளிச்ச தண்ணி கொஞ்சம் சாஸ்தி. களத்துல கொட்டிக் காய வெக்கணும். ஒரு மணி நேரம் ஆவும்.”

“ஆவட்டும்.”

வந்திருந்த மில்காரர் ஒருவர் சிரித்தார். “இன்னாப்பா பூவராகவா, பொட்டி சொல்றதயும் பொம்பள சொல்றதயும் கேட்டுக்கினு நிக்கிற?”

பூவராகவன் மூன்று விரல் மிச்சமிருந்த கையைத் தூக்கிக் காட்டினார்.

“கேக்காம இருந்ததுக்கு ரெண்டு வெரல் போச்சி. நிறுத்துன்னு சொல்றது நமக்கு எதிரியில்லப்பா. அதுதான் காவல். மிஷினுக்குப் பொட்டி, மனுஷனுக்கு இன்னொரு மனுஷன். அந்த ரெண்டையும் அடிச்சி வாய மூடிட்டா, அப்புறம் நம்மள நிறுத்தறதுக்குச் சாவுதான் வரணும். ஒங்க மில்லுல பியூசு கட்டையில கம்பிக்குப் பதிலா ஆணியச் சொருகி வெச்சிருந்தீங்கன்னா, இன்னிக்கே போயி எடுத்துடுங்க.”

சிரித்தவர் சிரிப்பை நிறுத்தினார். அவர் மில்லில் ஆணிதான் இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து, காய்ந்த மணிலா தொட்டிக்கு வந்தது. தாண்டவராயன் பெட்டியிடம் போனான். தையல் போட்ட தோள் இன்னும் முழுதாக உயரவில்லை. பூவராகவன் அவனைக் கையமர்த்திவிட்டுத் தானே போனார். மூன்று விரல்களால் கைப்பிடியைப் பிடித்து, முதலில் அடிவரை கீழே இறக்கினார். பிறகு மேலே ஏற்றினார். கைப்பிடி அங்கேயே நின்றது.